நாங்கள் சொல்லாத சிபாரிசுகள்

"ஆடி, வெள்ளிக்கிழமை. காலையில் குழாய் வேலைக்காரர் ஒருவர் வந்து, வேலை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லி ஒரு சீப்பு பூவன் பழம் வைத்துவிட்டுப் போனார். யாரென்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்."

என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். 'விசாரிக்க' என்ற சொல்லின் மேல் பேனா இரண்டு முறை ஓடியிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் நன்றி சொல்லிவிட்டுப் போனால் எனக்கு அன்று முழுவதும் இருப்புக் கொள்ளாது. எதற்கு நன்றி, எந்த நாளில் செய்த உதவிக்கு, அதை நான்தான் செய்தேனா என்று மனம் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

வந்தவரிடம் வாசலிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"நீங்கதானே சார் டாக்டரம்மா வீட்ல என்னைப் பத்தி நல்லதா சொன்னது?"

"நான் எந்த டாக்டரம்மாகிட்டயும் பேசலையேப்பா."

"மிஸ்ஸு சொன்னாங்க சார். 'ஸ்ரீரங்கத்துல தேதியெல்லாம் எழுதுற சார் ஒருத்தர் இருக்காரு, அவரு லேசுல யாரையும் நல்லவன்னு சொல்ல மாட்டாரு, அவரே இவனைச் சொல்லியிருக்காரு'ன்னு அந்தம்மாட்ட பேசித்தான் வேலை வாங்கிக் குடுத்தாங்க."

"எனக்கு உங்களைத் தெரியவே தெரியாதே."

"பரவால்ல சார். இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல."

மிஸ் என்று அவர் சொன்னவரை எனக்கு நன்றாகத் தெரியும். பாலக்கரையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே மாடியறையில் வலைத்தளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுத்தவராம். சென்டரை மூடிய பிறகும் மிஸ் என்ற பெயர் மட்டும் அவரோடு மாடியேறி வந்துவிட்டது. அவரைவிட வயதில் மூத்த பேட்டரிக் கடைக்காரரும், கீழே பூ விற்ற அம்மாவும், மாதா கோயில் பங்குத் தந்தையும்கூட அவரை மிஸ் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரால் யாரும் அவரை அழைத்து நான் கேட்டதில்லை. அதனால் இங்கும் அதை எழுதவில்லை.

அன்று மாலையே அவருக்குப் போன் செய்தேன்.

"மிஸ், நான் சொல்லாததை நான் சொன்னதாச் சொல்லியிருக்கீங்க."

"வேலையை ஒழுங்கா செஞ்சானா சார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டரம்மா குழாய்ல இப்ப சொட்டு இல்லையாம். அப்போ நீங்க சொன்னது சரிதானே?"

"நான் சொல்லவே இல்லைன்னுதானே சொல்றேன்!"

"அதான் சார் உங்க குறை. உங்க பேருக்கு ஊர்ல ஒரு மரியாதை இருக்கு. அதைப் பீரோவுல வெச்சுப் பூட்டிக்கிட்டு யாருக்கு லாபம்?"

மிஸ்ஸுக்கு மெலிந்த உடம்பு. கண்ணாடியைத் தலைமுடிமேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடுகிற பழக்கம். உட்கார்ந்து ஒரு பேச்சை முழுதாகக் கேட்டவர் அல்ல. முழங்கால் வலிக்கிறது என்று நீங்கள் ஆரம்பித்தால், வாக்கியம் முடிவதற்குள் அவர் கையில் போன் ஏறியிருக்கும். "ஒரு நிமிஷம் சார்" என்பார். மறுமுனையில் யாரோ ஓர் எண்ணெய்த் தேய்ப்புக்காரர் உங்கள் முழங்காலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு வேண்டியது அவரா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அவர் உங்கள் வாசலில் நிற்பார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் டவுன் பஸ்ஸில் ஒருமுறை அவரும் நானும் ஒன்றாக வந்தோம். காவிரிப் பாலம் ஏறும்போது பக்கத்து இருக்கைப் பெண்மணி தன் மகளிடம் ரவிக்கை சரியாக அமையவில்லை என்று அலுத்துக்கொண்டார். பஸ் பாலத்தை விட்டு இறங்குவதற்குள் அந்த அம்மாவின் கையில் அரியமங்கலத்துத் தையல்காரர் ஒருவரின் எண் இருந்தது. போதாததற்கு மிஸ் என் பக்கம் தலையைச் சாய்த்து, "சார் வீட்லகூட அவர்கிட்டதான் தைக்கறாங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். வாயை மூடிக்கொண்டேன். என் வீட்டில் ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்ள யாரும் இல்லை என்பதை அந்த இடத்தில் எப்படி விளக்குவது?

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதை சிறியது. ஓய்வு பெற்ற பிறகு ஊரின் தேதிகளைத் தொகுத்து வந்தேன். எந்த ஆண்டு எந்த நாளில் காவிரியில் தண்ணீர் வந்தது, எந்தத் தியேட்டர் எப்போது கல்யாண மண்டபம் ஆனது, எந்தத் தெருவுக்கு எப்போது பெயர் மாறியது போன்றவை. இரண்டு சான்றுகள் இல்லாமல் எதையும் ஏற்ற மாட்டேன். அதைத் தளமாகப் போட வேண்டும் என்று அவரிடம் போனபோது, என் விதியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க மாதா கோயில்ல கல்யாணத்துக்குத்தான் சார் ரெண்டு சாட்சி. நீங்க மழை பெஞ்சதுக்கே ரெண்டு சாட்சி கேக்கறீங்க."

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்கு இருந்தது. அதற்கு ஒரு கவுண்டர் உண்டு என்றார். பக்கத்தின் அடியில் சில வரிகளை ஒட்டிவிட்டால் போதும், வாசகர் கண்ணில் எதுவும் படாது, யார் எங்கிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அது கணக்கு வைக்கும். "ஓசிக் கவுண்டர் வேணாம் சார். அதுல அவன் விளம்பரம் ஒட்டிக்கிட்டு வரும். காசு குடுத்து வாங்கிட்டா சுத்தம்." நான் காசு கொடுத்தே வாங்கினேன். ஆண்டுதோறும் புதுப்பித்தும் வந்தேன். லால்குடியில் ஒருவர், முசிறியில் ஒருவர், பெயர் தெரியாத வெளிநாட்டு ஊரில் ஒருவர் என்று என் தேதிகளைப் படிக்க வருகிறவர்களைக் காலையில் காபியோடு பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

எங்கள் வீதியில் ஒரு சமையல் காண்டிராக்டர் இருந்தார். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், சீமந்தம் எல்லாவற்றுக்கும் அவர் தளிகைதான். வெங்காயம் பூண்டு சேர்க்காத, மடியான சமையல். ஊரில் எல்லோருக்கும் அவர் ஸ்வாமி. அவருக்கு ஒரு தளம் வேண்டும் என்றபோது மிஸ்ஸிடம் அனுப்பியது நான். என் வாயால் நான் உண்மையிலேயே செய்த ஒரே சிபாரிசு அதுதான். ஸ்வாமியும் காசு கொடுத்துக் கவுண்டர் போட்டுக்கொண்டார்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, தளிகை போட்டு முடித்த நேரம். ஸ்வாமி என் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் திருமண் காயவில்லை. போனைக் கையில் பிடித்திருந்த விதம் விசித்திரமாக இருந்தது. அதிலிருந்து நாற்றம் வருவதுபோல உடம்பிலிருந்து தள்ளி, இரண்டு விரல்களால் பிடித்திருந்தார்.

"சார், இதைச் சித்தே பாருங்கோ. என் மருமான் வெளிநாட்டுலேர்ந்து அனுப்பிச்சிருக்கான். என் பேரைப் போட்டுத் தேடினானாம். என் பேருக்குக் கீழே என்ன வந்திருக்கு, வாய்விட்டுப் படியுங்கோ."

படித்தேன். அவருடைய தளத்தின் பெயர். அதன் கீழே, தேடுபொறி ஒவ்வொரு தளத்துக்கும் எடுத்துப் போடும் இரண்டு வரி அறிமுகத்தில்: 'சுத்தம் செய்த நெத்திலி, வாளைக் கருவாடு. வீட்டுக்கே பார்சல். அரியமங்கலம்.'

"புரட்டாசி சனிக்கிழமை சார்! பெருமாள் மாசத்துல! கார்த்திகை முகூர்த்தத்துக்குப் பேசிண்டிருக்கற சம்பந்தி இதைப் பாத்தா என்ன ஆகும்? என் பாத்திரத்துல எவன் சாப்பிடுவான்?"

அவர் தளத்தைத் திறந்து பார்த்தோம். அக்காரவடிசில் படம் இருந்தது, புளியோதரை படம் இருந்தது. கருவாடு எங்கும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைத் திறந்து பார்க்க வழி உண்டு. அதைத் திறந்து கடைசிவரை இறங்கினேன். கவுண்டரின் வரிகளுக்கு நடுவில், திரைக்கு வெளியே தள்ளி, யார் கண்ணுக்கும் தெரியாதபடி சில இணைப்புகள் இருந்தன. ஒன்று குழாய் வேலை. ஒன்று தையல். ஒன்று முசிறி நேந்திரம் சிப்ஸ். இன்னொன்று செல்வராணி கருவாடு.

என் தளத்தைத் திறந்தேன். இரண்டு சான்றோடு நான் ஏற்றிய ஒவ்வொரு வெள்ளத்தின் அடியிலும், ஒவ்வொரு தியேட்டரின் அடியிலும் அதே நால்வர்.

கல்வெட்டுகள் பற்றி நிறையப் படித்தவன் நான். நிலம் கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி நின்றவர் எல்லோரையும் சொல்லிவிட்டு, கடைசியில் கல்லில் வெட்டியவரும் தம் பெயரை வெட்டிவிட்டுப் போயிருப்பார். அதைக் கண்டால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வெட்டியவர் தம் பெயரை விட்டுவிட்டு, அடுத்த தெருக் குழாய்க்காரரின் பெயரை வெட்டி வைத்ததாக எங்கும் படித்ததில்லை.

அப்போதே ஆட்டோ பிடித்துப் பாலக்கரை போனோம். மாடிப்படி ஏறும்போது ஸ்வாமி, "நீங்க சொல்லித்தானே வந்தேன்" என்றார்.

மிஸ் எழுந்து, "வாங்க ஸ்வாமி, வாங்க சார், உக்காருங்க" என்றார். போன் காதில் இருந்தது. யாருக்கோ யாரையோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை வைக்கச் சொன்னேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. வைத்துவிட்டார்.

"இதை ஒளிச்சு வெச்சது நீங்களா?"

பார்த்தார். மறுக்கவில்லை. "ஒளிச்சு வெக்கல சார். உங்க கண்ணுக்குத் தொந்தரவு இல்லாம வெச்சேன்."

"காசு குடுத்தா சுத்தம்னு சொன்னீங்களே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். வாங்கினப்புறம் ஒருநாள் பிரிச்சுப் பாத்தா, அந்தக் கம்பெனிக்காரனே உள்ள அவன் ஆளுங்களை உக்கார வெச்சிருக்கான். ஏதோ வட்டிக்கடை, சீட்டாட்டம். காசையும் வாங்கிக்கிட்டு உங்க பக்கத்துலேயே அவனுக்கு ஓசி விளம்பரம். எனக்கு ஆத்திரமா வந்துச்சு."

"அப்போ எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்தேனே. லால்குடி பஸ்ல ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிச்சு வெப்பானுங்கல்ல, அந்த மாதிரி அவன் துண்டு போட்டிருந்தான் சார். துண்டை எடுத்து வெளிய போட்டுட்டு, நிக்க முடியாம நின்னுக்கிட்டிருந்த நம்ம ஆளுங்களை உக்கார வெச்சேன். சீட்டை ஏன் காலியா விடணும்?"

ஸ்வாமிக்கு இது பிடிபடவில்லை. மிஸ் அவருக்கு விளக்கினார். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு இணைப்பு இருந்தால், தேடுபொறி அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளும். நல்ல பெயருள்ள தளம் கை காட்டினால், காட்டப்பட்டது மேலே ஏறும். "நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்து யாரையும் சொல்ல மாட்டீங்க. சார்கிட்ட கேட்டா விசாரிச்சுத்தான் சொல்லுவேன்னு ஒரு வருஷம் ஆக்குவாரு. அதான் உங்க சார்புல நானே சொல்லிட்டேன்."

"கருவாட்டுக்கா?" என்றார் ஸ்வாமி. "என் சார்புல, கருவாட்டுக்கா?"

மிஸ்ஸின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "உங்க தளத்துக்குத்தான் ஸ்வாமி வெயிட்டு அதிகம். வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வராங்க. நாக்குல வெக்கப் போறதில்லையே, கம்ப்யூட்டர்லதானேன்னு நினைச்சேன். மாசம் புரட்டாசின்னு யோசிக்கல."

"மாசம் மாறினா சரியாயிடுமா? இப்போ, என் கண் முன்னாடி எடுங்கோ."

"எடுத்துடறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க." அவர் ஸ்வாமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "செல்வராணி புருஷன் விட்டுட்டுப் போனவ. தெருத் தெருவாக் கூடையில வித்தவ. தேடினா முதல் பக்கத்துல வர ஆரம்பிச்சதும்தான் ஊர் ஊரா ஆர்டர் வந்துச்சு. அதை நம்பித்தான் ஷெட்டு பிடிச்சா. ரெண்டு பொம்பளைங்களை வேலைக்கு வெச்சிருக்கா. புரட்டாசில யாரும் வாங்க மாட்டாங்க. ஐப்பசி பொறந்ததும் மொத்தமா கேப்பாங்கன்னு நாகப்பட்டினத்துலேர்ந்து சரக்கை இறக்கி வெச்சிருக்கா. எல்லாரும் ஒரே நாள்ல எடுத்துட்டா அவ பக்கம் கீழ போயிடும். ஐப்பசி முடியட்டும் சார்."

ஸ்வாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொம்மனாட்டி... சுத்தமாப் பண்றாளா?" என்று கேட்டார். சமையல்காரர் அல்லவா, அந்தக் கேள்வி அவரை அறியாமல் வந்திருக்க வேண்டும்.

"தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, மணல் போக நாலு தண்ணி..."

"போறும், போறும்!" காதைப் பொத்திக்கொண்டார். "எடுங்கோ."

மிஸ் எடுத்தார். ஸ்வாமி பக்கத்தில் நின்று, அந்த வரி போய்விட்டதை மிஸ்ஸை எனக்கு இரண்டு முறை காட்டச் சொல்லி உறுதி செய்துகொண்டு இறங்கிப் போனார். நான் இறங்கவில்லை.

"உங்களுதையும் எடுக்கணுமா சார்?"

எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் பெயரில் இத்தனை நாள் யாருக்குச் சான்று சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் நீக்குவதும் ஒருவகையில் விசாரிக்காமல் எழுதுவதுதான். திங்கட்கிழமை மிஸ்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அரியமங்கலம் போனேன்.

பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது அந்த ஷெட். ஒரு பக்கம் இரும்பு வெட்டும் சத்தம், இன்னொரு பக்கம் வெல்டிங். உள்ளே எதிர்பார்த்த நாற்றம் இல்லை. உப்பு வாசனைதான் இருந்தது. செல்வராணிக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். தலைக்குத் துணி கட்டி, கையில் உறை போட்டுக்கொண்டு, நெத்திலியின் தலையைக் கிள்ளிக் கொண்டிருந்தாள். மூலையில் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"இவருதான் அந்த சார்" என்றார் மிஸ்.

செல்வராணி எழுந்து கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். "நீங்க பெரிய மனசு பண்ணி எங்களைப் பத்திச் சொன்னீங்களாமே சார். ஸ்ரீரங்கத்து சமையல் ஐயாகூட சொன்னாங்களாம். மீனைத் தொடாத சனங்க நமக்காகச் சொல்றாங்களேன்னு எங்கம்மாட்ட சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவேன்."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கூரையிலிருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு, "இதுக்கு ஒரு ஆள் இருக்காரு, சொல்லி அனுப்பறேன்" என்றார்.

"இதெல்லாம் வித்துப் போயிடுமா?" என்று மூட்டைகளைக் காட்டிக் கேட்டேன்.

"போன வருஷம் பத்தலை சார். ஐப்பசி மொத ஞாயித்துக்கிழமையே காலியாயிடுச்சு. அந்த தைரியத்துலதான் இவ்ளோ எடுத்தேன். போகலேன்னா ஷெட்டை விட்டுட்டுக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டே சொன்னாள். வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். மூன்று பைகளில் போட்டுக் கட்டி, புரட்டாசி மாதத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வந்தேன். மார்க்கெட் ஸ்டாப்பில் ஏறிய ஒருவர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மூக்கைச் சுளித்து, எழுந்து முன்னால் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியும்; விளக்கத்தான் முடியவில்லை. ஸ்வாமியின் பெயருக்குக் கீழே கருவாடு வந்ததே, அதன் பொருள் எங்கள் யாருக்கும் அன்று உறைக்கவில்லை. மறைத்து வைத்த வரிகளைத் தேடுபொறி வாசித்துவிட்டது. அது மறைத்த எழுத்தை ஏமாற்று வேலையாகத்தான் பார்க்கும். தண்டனை மறைத்தவருக்கு மட்டும் போகாது, யாருக்காக மறைத்தார்களோ அவருக்கும் போகும். மிஸ் அந்த வாரமே எல்லாத் தளங்களிலிருந்தும், என்னுடையதிலிருந்தும், அந்த வரிகளை எடுத்துவிட்டார். புரட்டாசி முடிவதற்குள் செல்வராணியின் பக்கம் முதல் பக்கத்திலிருந்து இறங்கியது. பிறகு எந்தப் பக்கத்திலும் இல்லை. அவள் கடையின் முழுப் பெயரைப் போட்டுத் தேடினாலும் வரவில்லை.

இதை என்னிடம் சொல்ல மிஸ் ஸ்ரீரங்கத்துக்கே வந்தார். அவரை அப்படிப் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். கண்ணாடி மூக்கின்மேலேயே இருந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணாம விட்டிருந்தாக்கூட அவ கடைசிப் பக்கத்துலயாவது இருந்திருப்பா சார்."

"மறுபடி ஏத்த வழி இல்லையா?"

"மனு போடலாம். மாசக்கணக்காகும். ஐப்பசி காத்துக்கிட்டா இருக்கும்?"

"செல்வராணிக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். 'நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க மிஸ்ஸு'ங்கிறா. திட்டியிருந்தான்னா எனக்கு இவ்ளோ கஷ்டமா இருந்திருக்காது."

போனைத் திருப்பினார். எண்களைத் தள்ளிக்கொண்டே போனார். "சரி. வாயால சொல்லித்தான் பாக்கணும்" என்றார்.

ஐப்பசி முழுவதும் அவர் அதைத்தான் செய்தார். தளம் செய்து கொடுத்தவர்கள், கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்கள், கோயில் பாடற்குழு, பேட்டரிக் கடைக்கு வருகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. ஒருமுறை நான் மாடியறையில் இருந்தபோது கேட்டேன். "நான் வாங்கிச் சாப்பிட்டேன், நல்லா இருக்கு, அதான் சொல்றேன்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயில் 'நான்' என்ற சொல் புதிதாக இருந்தது. ஆனால் மறைத்த வரிகளின் கதை அதற்குள் ஊருக்குள் போய்விட்டிருந்தது. ஸ்வாமி யாரிடமும் சொல்லவில்லை என்கிறார்; நம்புகிறேன். ஒருவர் கேட்டு ஒருவர் தம் தளத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள். காசு கொடுத்த வாடிக்கையாளர்கள் விலகத் தொடங்கினார்கள். "இன்னும் எதையெதை எங்க பேர்ல செஞ்சிருக்கீங்க?" என்று ஒரு பள்ளிக்கூடத் தாளாளர் படியிலேயே நின்று கேட்டதை நான் பார்த்தேன். மிஸ், "உள்ள வாங்க சார், வெயில்" என்றார்.

தை மாதம் அறையைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்கு, பெங்களூருக்குப் போனார். ரயிலடிக்குப் போயிருந்தேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக எனக்கு ஒரு கண் டாக்டரின் பெயரைச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். நல்ல டாக்டர்.

என் தளத்தில் இப்போது கவுண்டர் இல்லை. யார் வருகிறார்கள் என்று தெரிவதில்லை. மிஸ்ஸின் எண் சில மாதங்கள் அடித்தது. பிறகு உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொல்லத் தொடங்கியது.

அடுத்த ஐப்பசியில் ஒரு வேலையாக அரியமங்கலம் போனவன், ஷெட் மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தேன். திறந்திருந்தது. அதே இரண்டு பெண்களோடு இன்னொருத்தியும் இருந்தாள். வாசலில் கூரியர் வண்டி நின்றது.

"மறுபடி தேடுனா வருதா செல்வராணி?"

"எங்க சார். இப்பவும் வரல. போன்லதான் கேக்கறாங்க. அந்த ஐப்பசி கடைசில ஆரம்பிச்சுது. மூட்டையில பாதி அப்படித்தான் போச்சு. இல்லேன்னா இங்க நின்னிருக்க மாட்டேன்."

"யார் கேக்கறாங்க?"

"கல்யாண மண்டபத்து மேனேஜருங்க, வெளியூரு ஆளுங்க, நெறைய. யாரு சொன்னாங்கன்னு கேட்டா, எல்லாரும் ஒண்ணுபோல சொல்றாங்க. ஸ்ரீரங்கத்து சமையல் ஸ்வாமி சொன்னாரு, கை சுத்தம்னாரு, அப்படின்னு." பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "பெரிய மனுஷன் சார். அவருக்கு நான் என்ன செய்யறது? நம்ம கையால குடுத்தா வாங்க மாட்டாங்களே?"

அன்று மாலை ஸ்வாமி வீட்டுக்குப் போனேன். முகூர்த்தச் சமையலுக்குப் பாத்திரங்களை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நேராகக் கேட்டேன்.

"கருவாட்டைப் பத்தி என்னண்ட வந்து கேக்கறேளே சார், நன்னாயிருக்கா இது?" என்றார். பிறகு வண்டிக்காரரிடம், "அண்டாவைச் சாய்க்காதேடா" என்று கத்தினார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மிஸ்ஸுக்கு எழுதிச் சொல்ல, பெங்களூரில் அவர் மகள் வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாலக்கரையில் கேட்டவர்கள் ஆளுக்கொரு பேட்டையைச் சொல்கிறார்கள். செல்வராணியின் ஷெட் நடக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மேனேஜர்களிடம் ஸ்வாமிதான் சொன்னாரா, அல்லது ஸ்வாமியின் பெயரை வேறு யாராவது சொன்னார்களா என்பதை, இதை எழுதும் இன்றுவரை, உறுதி செய்ய முடியவில்லை.